850 மதிப்பெண் மாப்பிள்ளை: ஏமி வெப்பின் ‘டேட்டா, எ லவ் ஸ்டோரி’

இணையத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகளின் கதைகளுக்கென்று ஒரு வார்ப்பு வந்துவிட்டது. முதலில் நான்கைந்து மோசமான சந்திப்புகள். ‘போதும்டா சாமி, கணக்கை மூடிடலாம்’ என்று நினைக்கும்போது ஒரு மெசேஜ். அப்புறம் காபிக் கடை, விடிய விடியப் பேச்சு, மோதிரம், கல்யாணப் போட்டோ. டேட்டிங் தளங்களின் வெற்றிக் கதைகளை வரிசையாகப் படித்தால் பத்தாவது கதையில் பெயர்கள் மட்டும்தான் மாறியிருக்கும்.

இந்த வகையில் தனியாக எடுத்துப் பேச வேண்டிய ஒன்று, அமெரிக்கரான ஏமி வெப் 2013-ல் வெளியிட்ட ‘டேட்டா, எ லவ் ஸ்டோரி’. அதே கதையை அவர் அந்த வருடம் டெட் மேடையிலும் சொன்னார். புத்தகத்தைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் பரவியது. ‘காதலையும் கணக்குப் போட்டுப் பிடிக்கலாம், இதோ ஆதாரம்’ என்று பலரும் காட்டுவது இந்தக் கதையைத்தான். என் வாதம் இது: கதை நல்ல கதை. ஆனால் சொல்பவர் அதிலிருந்து எடுக்கிற முடிவும், கதைக்குள் உண்மையில் நடப்பதும் ஒன்றல்ல.

கதைச் சுருக்கம்

ஏமிக்கு முப்பது வயது. ஒரு நீண்ட உறவு முறிந்திருக்கிறது. முப்பத்தைந்துக்குள் குழந்தை வேண்டும் என்று நினைத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கல்யாண வேலையை எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும். பாட்டி சொல்லும் யோசனை நமக்கும் பழக்கமானதுதான்: ரொம்பப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காதே, தேடாமல் இருந்தால் தானாக அமையும்.

ஏமி எண்களோடு வேலை செய்பவர். தானாக அமைவதற்கு எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் பார்க்கிறார். அவர் இருந்தது பிலடெல்ஃபியாவில். சுமார் 15 லட்சம் பேர் வாழும் நகரம். ஆண், தகுந்த வயது, யூதர் என்று ஒவ்வொரு சல்லடையாகப் போட்டுச் சலித்தால் கடைசியில் மிஞ்சுவது 35 பேர். அதனால் டேட்டிங் தளங்களுக்குப் போகிறார். அங்கே கிடைத்தவர்களில் ஒருவர் ஆடம்பர உணவகத்துக்கு அழைத்துப் போய், இஷ்டத்துக்கு ஆர்டர் செய்துவிட்டு, பில் வரும் நேரத்தில் நழுவிவிடுகிறார். பில் 1,300 டாலர். அது ஏமியின் ஒரு மாத வீட்டு வாடகை.

அதற்குப் பிறகுதான் பட்டியல். தன் துணையிடம் எதிர்பார்க்கும் 72 அம்சங்களை எழுதி, முன்னுரிமை வைத்து, மதிப்பெண் போடுகிறார். 700 வாங்கினால்தான் மின்னஞ்சலுக்குப் பதில். 900 வாங்கினால்தான் நேரில் சந்திப்பு. 1,500-ஐத் தாண்டினால்தான் உறவைப் பற்றியே யோசனை.

பட்டியலுக்குப் பொருந்தும் ஆட்கள் கண்ணில் படத் தொடங்குகிறார்கள். ஆனால் அவர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க, யூதர்களுக்கான ஜேடேட் தளத்தில் 10 போலி ஆண் கணக்குகளைத் தொடங்குகிறார். ஒரு மாதத்தில் 96 பெண்களோடு தொடர்பு. அதிகம் விரும்பப்படும் பெண்கள் தங்களைப் பற்றி எப்படி எழுதுகிறார்கள், எந்த மாதிரிப் படம் போடுகிறார்கள், எத்தனை மணி நேரம் கழித்துப் பதில் அனுப்புகிறார்கள் எல்லாம் குறிப்பெடுக்கப்படுகின்றன. அவர்களின் அறிமுகங்கள் சராசரியாக 97 வார்த்தைதான் என்று தெரிகிறது. ஏமியோ தன் வேலை விண்ணப்பத்தை அப்படியே ஒட்டிவைத்திருந்தவர். எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறார். அழைப்புகள் குவிகின்றன. அதில் ஒருவர் பிரையன். அவருக்கு 850 மதிப்பெண். முதல் சந்திப்பு 14 மணி நேரம் நீள்கிறது. ஒன்றரை வருடம் கழித்து ஜோர்டானின் பெட்ராவில் பிரையன் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை.

900 எங்கே, 850 எங்கே?

மேலே உள்ள எண்களை இன்னொரு தடவை பாருங்கள். நேரில் சந்திக்க 900 வேண்டும். பிரையன் வாங்கியது 850. டெட் உரையில் ஏமி இரண்டையும் சில நிமிட இடைவெளியில் சொல்கிறார். 850 சந்திப்புக்குப் போதுமானதாக இருந்தது என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அரங்கம் சிரித்துக்கொண்டே கூடப் போகிறது.

‘மேடைப் பேச்சில் ஐம்பது மார்க்குக்கா சண்டை?’ என்று கேட்கலாம். கல்யாணத்தில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை கதையின் தலைப்போடு. ‘டேட்டா’ என்று பெயர் வைத்த கதையில், கதாநாயகன் உள்ளே வருகிற இடத்தில் டேட்டா ‘வேண்டாம்’ என்கிறது. அவரை உள்ளே விட்டது ஏமியின் மனசு. அவர் எழுதியிருந்த விதம், பயணங்களைப் பற்றிச் சொன்ன விதம் ஏமிக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததும் கதவு ஐம்பது மார்க் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது.

நம் ஊரில் இதற்குப் பழக்கமான ஒரு வழி உண்டு. ஜோசியர் பத்துக்கு நாலு பொருத்தம்தான் என்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே பிடித்துவிட்டது. என்ன செய்வார்கள்? இன்னொரு ஜோசியரிடம் போவார்கள். அங்கே ஆறு வரும். அதுவும் வராவிட்டால் ‘மனப்பொருத்தம் இருந்தா போதும்’. பிடிக்காத இடமென்றால் எட்டுப் பொருத்தம் இருந்தாலும் ‘ரஜ்ஜு தட்டுது’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். முடிவு முன்னால் நடக்கும், பட்டியல் அதற்குப் பின்னால் வந்து கையெழுத்துப் போடும். ஏமியின் 72 அம்சங்களும் அந்த இடத்தில் செய்தது இதைத்தான்.

அந்த 14 மணி நேரம் முடிந்து வீடு திரும்பியதும் ஏமி மறுபடி மதிப்பெண் போடுகிறார். அது கூடுகிறது. இவ்வளவு நாளும் நான் இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. 14 மணி நேரப் பேச்சில் என்ன இருந்ததோ அதுதான் மதிப்பெண்ணை ஏற்றியது. மதிப்பெண் அந்தப் பேச்சை உண்டாக்கவில்லை. ஒரு காதல் கதையில் வாசகருக்கு வேண்டியதும் அந்தப் பேச்சுதான். எதைப் பற்றிப் பேசினார்கள், எங்கே முரண்பட்டார்கள், எது சிரிக்க வைத்தது? உரையில் அதற்குக் கிடைப்பது ஒரே வாக்கியம்: காபிக் கடையிலிருந்து உணவகம், அங்கிருந்து இன்னொரு காபிக் கடை, இன்னொரு உணவகம். போலிக் கணக்குகளுக்கோ பல நிமிடங்கள்.

ஆய்வுகள் சொல்வது

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததல்ல. எலி ஃபிங்கெல் உள்ளிட்ட ஐந்து உளவியலாளர்கள் 2012-ல் இணைய டேட்டிங் பற்றி ஒரு நீண்ட மதிப்பாய்வு வெளியிட்டார்கள். இரண்டு பேர் சந்திப்பதற்கு முன்பே அவர்களின் குணங்களை வைத்துப் பொருத்தம் பார்க்கும் கணக்கு முறைகள் வேலை செய்கின்றன என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. 2017-ல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், ஃபிங்கெல் மூவரும் இன்னும் நேரடியாகச் சோதித்தார்கள். ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் வாங்கி, பிறகு சில நிமிடச் சந்திப்புகளில் ஒருவரோடொருவர் பேசவிட்டு, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கணினியைக் கணிக்கச் சொன்னார்கள். பொதுவாக எல்லோருக்கும் பிடித்தவர் யார், பொதுவாக எல்லோரையும் விரும்புபவர் யார் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. இந்த ஆளுக்கு இந்த ஆளை மட்டும் தனியாகப் பிடிக்கும் என்பதைக் கணிக்கவே முடியவில்லை. காதல் என்று நாம் சொல்வது அந்த மூன்றாவதைத்தான்.

2014-ல் ஓகேக்யூபிட் தளம் தானே ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 30 சதவீதம்தான் பொருத்தம் என்று தங்கள் கணக்கு சொன்ன ஜோடிகளிடம் ‘உங்களுக்கு 90 சதவீதப் பொருத்தம்’ என்று பொய் சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஜோடிகள், உண்மை எண்ணைப் பார்த்தவர்களைவிட அதிகமாகப் பேசிக்கொண்டார்கள். பெரிய எண்ணைப் பார்த்தால் பேச்சுக்குப் பொறுமை வருகிறது. பொறுமையாகப் பேசினால் பிடித்துப்போக வாய்ப்பு கூடுகிறது. 850 என்ற எண் ஏமிக்குள்ளும் இப்படி வேலை செய்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இதெல்லாம் இணையக் கல்யாணங்களுக்கு எதிரான வாதம் இல்லை. 2005 முதல் 2012 வரை கல்யாணமான 19,131 அமெரிக்கர்களை வைத்து ஜான் கசியோப்போ குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் சந்தித்தவர்களின் கல்யாணங்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவாகவே முறிந்திருந்தன. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஈஹார்மனி என்ற ஜோடி சேர்க்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழுவின் 2019 கட்டுரைப்படி, அமெரிக்காவில் 2017-ல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள். ஆக இணையம் இன்று ஊர்ப் பொதுவழி மாதிரி ஆகிவிட்டது. அந்த வழியில் நடக்க 72 அம்சப் பட்டியல் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அந்த 96 பெண்கள்

என்னை உண்மையில் உறுத்துவது இந்த இடம். பில்லோடு விட்டுவிட்டு ஓடிய ஆள் மீது ஏமிக்கு வரும் கோபம் நியாயமானது. ஒருவர் தான் காட்டிக்கொண்ட மாதிரி இல்லை என்ற கோபம் அது. அதே ஏமி, இல்லாத பத்து ஆண்களை உருவாக்கி உலவவிடுகிறார். அந்தத் தளத்தில் இருந்த பெண்களும் ஏமியைப் போலத்தான் துணை தேடி வந்தவர்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒரு பாட்டி இருந்திருப்பார். யாரோ ஒரு மருத்துவரோ வக்கீலோ பதில் போட்டிருக்கிறார் என்று அவர்களில் சிலராவது அன்று சந்தோஷமாகத் தூங்கப் போயிருக்கலாம்.

தகவல் திரட்டத்தான் செய்தேன், யாரையும் ஏமாற்ற இல்லை என்ற தொனியில் ஏமி இதைக் கடக்கிறார். பல்கலைக்கழக ஆய்வு என்றால் இதற்கு ஒரு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். சொந்தக் காதல் என்பதால் யாரும் கேட்கவில்லை. கதை கல்யாணத்தில் முடிவதால் வாசகரும் கேட்பதில்லை. ‘முடிவு சுபம்’ என்பதற்கு இருக்கிற ஆபத்து இதுதான். வழியில் நடந்த எல்லாவற்றையும் அது வெள்ளையடித்துவிடும். இதே வேலையைச் செய்துவிட்டு யாரும் கிடைக்காமல் போயிருந்தால் இது வேடிக்கையான கதையாக இருந்திருக்குமா?

இன்னொன்றும் உண்டு. இதே முறையில் பட்டியல் போட்டுத் தேடி, ஒன்றும் அமையாமல் போனவர்கள் இருந்தால் அவர்கள் புத்தகம் எழுதப்போவதில்லை, மேடை ஏறப்போவதில்லை. ஜெயித்த ஒருவரை வைத்து வழிமுறை சொல்வது, லாட்டரி விழுந்தவரிடம் சேமிப்பு யோசனை கேட்பது போல.

பிறகு ஏன் படிக்க வேண்டும்?

படிக்கலாம். காரணம் கணக்கு அல்ல, பாட்டி. முப்பது வயதில் ஒரு பெண்ணிடம் குடும்பமே சேர்ந்து ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று சொல்கிறபோது, ‘மாட்டேன், எனக்கு வேண்டியது இது’ என்று 72 வரிகளில் எழுதி வைப்பதற்குத் தைரியம் வேண்டும். வெறுமனே ‘பிடிக்கலை’ என்றால் வீட்டில் எடுபடாது, ‘ஏன் பிடிக்கலை?’ என்று பத்துப் பேர் வருவார்கள். எண் ஒன்றைக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள். ஏமியின் மதிப்பெண் முறை துணையைக் கண்டுபிடிக்கும் கருவி என்பதைவிட, ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான கேடயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த 1,300 டாலர் ஆட்களை வாசலிலேயே நிறுத்த அது உதவியது. பிரையனை உள்ளே கூப்பிட அது தேவைப்படவில்லை.

கல்யாணத்தன்று பாட்டி, தான் சொன்னது தப்பாக இருக்கலாம், உன் முறை நல்ல முறைதான் என்று ஒப்புக்கொள்வதாக ஏமி சொல்கிறார். கூடவே பேத்தியின் சமையலில் ஒரு குறையும் சொல்கிறாராம். பாட்டி பாதிதான் தோற்றார் என்பேன். பொறுக்காதே என்று சொன்னதில் தோற்றார். தேடுவதை நிறுத்தினால் தானாக அமையும் என்று சொன்னதிலும் தோற்றார். ஆனால் ரொம்பக் கறாராக இருக்காதே என்றாரே, அந்த ஐம்பது மார்க் அவர் பக்கம்தான் விழுந்திருக்கிறது.