ஒரே நரம்பு, இரண்டு அலைகள்

குடல், மூச்சுக்குழல், பெருந்தமனி என்று ஆய்வகத் தொட்டியில் எத்தனையோ திசுக்களைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன். கினிப்பன்றியின் விந்து நாளத்துக்கு ஈடாக ஒன்றுகூட இல்லை!

பார்வைக்கு எளிய வெள்ளைக் குழாய்தான். 37 டிகிரி வெப்பத்தில், கிரெப்ஸ் உப்புக் கரைசலில், 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் குமிழியிட, நூலில் கட்டித் தொங்கவிட்டால் சாதுவாகக் கிடக்கும். குடலைப்போலத் தானாக நெளியாது. நரம்பு சொன்னால்தான் அசையும். சொல்லிவிட்டாலோ, அடடா!

சில விநாடிகள் மின்துடிப்புகளைச் செலுத்தினால் போதும். பதிவுக்கோடு விருட்டென்று செங்குத்தாக எகிறும். சரி, இனி விழுந்துவிடும் என்று நினைக்கையில் பாதி இறக்கத்திலேயே திரும்பும். ஆற அமர மறுபடி ஏறி, மேடு கட்டி நிற்கும். தூண்டியது ஒரே பரிவு நரம்பை, எழுந்ததோ இரண்டு அலைகள்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

நார்அட்ரீனலினைத் தடுக்கும் பிரசோசின் மருந்தைச் சேர்த்தால் அந்த மேடு கரைந்துபோகும். ஆக, மேடு என்பது நரம்பு வெளியிடும் நார்அட்ரீனலினின் வேலை. முதல் எகிறல் மட்டும் பிடிவாதமாக நிற்கும். அதை அடக்கச் சுராமின் வேண்டும். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்து, இங்கே வந்து துப்புத் துலக்குகிறது! முதல் அலைக்குக் காரணம் ஏடிபி. செல்லுக்கு ஆற்றல் தருவது என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். நரம்பு முனையிலிருந்து வெளியேறித் தசையைச் சுண்டி இழுக்கிறது. நாளத்தை இரண்டாக வெட்டிப் பார்த்தால் இன்னும் அழகு: புராஸ்டேட் பக்கத்துத் துண்டில் ஏடிபியின் கை ஓங்கியிருக்கும், விந்தகப் பக்கத்தில் நார்அட்ரீனலினுடையது.

மெல்போர்னில் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக்கும் மோலி ஹோல்மனும் இந்தத் தசைச் செல்லுக்குள் நுண்மின்முனையைச் செருகி, ஒவ்வொரு நரம்புத் துடிப்புக்கும் எழும் சின்னஞ்சிறு மின்னழுத்த மாற்றத்தைப் பதிவுசெய்து 1961-இல் வெளியிட்டார்கள். சுருங்கி நழுவும் தசையில், மெல்லிய கண்ணாடி முனை உடையாமல்! அந்தப் பொறுமையை நினைத்தாலே கைகூப்பத் தோன்றுகிறது. 1972-இல் ஏடிபியும் நரம்புச் செய்தியாளர்தான் என்று பர்ன்ஸ்டாக் எழுதியபோது நம்ப மறுத்தவர்களே அதிகம். அவர் விடவில்லை.

அவர் பக்கம் நியாயம் இருந்ததைச் சுண்டெலிகளும் காட்டின. ஏடிபியை ஏற்கும் பி2எக்ஸ்1 என்ற ஏற்பி இல்லாத ஆண் எலிகளில் நாளத்தின் சுருக்கம் 60 சதவீதம் வரை குறைந்தது. விந்தணுக்களை முன்தள்ளுவது இந்தச் சுருக்கம்தான் என்பதால், கருவுறச் செய்யும் திறனோ ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. இது 2000-இல் வந்த ஆய்வு. 2013-இல் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு, நார்அட்ரீனலினை ஏற்கும் ஆல்ஃபா-1ஏ ஏற்பியையும் சேர்த்து நீக்கியது. எலிகள் வழக்கம்போல் இணைந்தன, ஆனால் ஒரு பெண் எலிகூடக் கருத்தரிக்கவில்லை. விந்தணுக்களில் குறையே கிடையாது. அவற்றை எடுத்து முட்டைக்குள் செலுத்தியதும் நல்ல குட்டிகள் பிறந்தன. ஹார்மோனைத் தொடாமலே ஆண்களுக்கு ஒரு கருத்தடை மாத்திரை என்ற ஆராய்ச்சி இப்போது இந்த இரண்டு அலைகளைத்தான் குறிவைத்திருக்கிறது.