சுண்ணாம்புச் சுவரும் அரசங்கன்றும்

கார் பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரைத் தாண்டியதும், நாசி கண்டார் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தேடிப் போகும் நண்பர் கூட்டங்கள் உண்டு. நல்ல ரசனைதான்.

முதல் நிறுத்தம் பெரும்பாலும் ஜாலான் சுல்தான் அகமது ஷா. நார்த்தாம் ரோடு என்றிருந்த காலத்தில் அது கோடீசுவரர்களின் தெரு. சியா தெக் சூன் என்ற சீனச் செல்வர் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐந்து மாடி மாளிகை அங்கே ஹோட்டலாயிற்று, பிறகு ஷி சுங் பள்ளியாயிற்று. பிள்ளைகள் போனபின் பாழடைந்தது.

கடைவீடுகளின் கதை வேறு. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. 2000 பிறந்தபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. வாடகை எகிறியது, தலைமுறைகளாக இருந்த குடித்தனங்கள் கிளம்பின, கதவுகளில் பூட்டு ஏறியது.

கடைவீட்டின் முன் நடைபாதையான அஞ்சடியில் நின்று அதன் சுவரைக் கிட்டப் பார்க்க வேண்டும். நீலம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு ஏடு ஏடாக உரிந்து, உள்ளே செங்கல் தெரியும். பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்று, விரிசலில் வேர்விட்டிருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பின்னாளில் அதன்மேல் பூசிய சிமெண்ட்டோ ஈரத்தை உள்ளேயே பூட்டி, உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். பழைய கொத்தனாரின் கைத்திறம் அங்கே விளங்கும்.

அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. மாடிப் பலகைகளைக் கரையான் தின்றிருக்கும்.

ஆனால் பாழடைந்த வீடு மீளவும் கூடும். லெபு லெய்த் தெருவில் சீனச் செல்வர் சியோங் ஃபாட் ட்சேயின் நீல மாளிகையும் சிதைந்துதான் கிடந்தது. 1989இல் பாதுகாப்பு ஆர்வலர்கள் வாங்கிச் சீரமைத்தார்கள். 2000இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.