எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் ஒரு முகம்

ஒலிநாடாவிலிருந்து விளையாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் திரையில் ஒரு படம் விரியும். முதலில் வரிவரியாகப் புள்ளிகள் மட்டும்: திரையின் மேல் பகுதி, பிறகு நடு, பிறகு அடி. எல்லாம் நிறைந்த பின் மேலிருந்து கீழாக நிறங்கள் வந்து படியும். மொத்தம் 6912 பைட்டுகள், ஏறக்குறைய 40 விநாடி. அதில் 6144 பைட்டுகள் புள்ளிகளுக்குப் போய்விட, நிறங்களுக்கு எஞ்சுவது 768 மட்டுமே. படத்தைக் கையால் வரைவதா, இருக்கும் ஒரு படத்தை மென்பொருளிடம் கொடுத்து மாற்றித் தரச் சொல்வதா என்ற விவாதம் முழுவதும் இந்தப் பங்கீட்டிலிருந்தே பிறக்கிறது.

1982இல் வந்த அந்தக் கணினியின் திரை 256க்கு 192 புள்ளிகள் கொண்டது. நிறமோ புள்ளிக்குப் புள்ளி கிடையாது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறங்கள். அந்த இரண்டும் ஒரே பிரகாச நிலையில் இருந்தாக வேண்டும். கையிருப்பில் உள்ளவையே 15 நிறங்கள். நீல வானத்தின் முன் ஒரு முகத்தை வையுங்கள். கன்னமும் கூந்தலும் வானமும் ஒரே கட்டத்தில் சந்திக்கும் இடத்தில் மூன்று நிறம் தேவை. ஒன்றைக் கைவிட்டே தீர வேண்டும். எதைக் கைவிடுவது என்பதுதான் கேள்வி.

மாற்றி மென்பொருளின் பதில் கணக்கு சார்ந்தது. ஒரு கட்டத்துக்கு 56 நிற இணைகள் சாத்தியம். எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, மூலப் படத்திலிருந்து மிகக் குறைவாக விலகும் இணையை அது எடுத்துக்கொள்கிறது. மிச்சமாகும் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட வழி இன்றும் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இதை மட்டமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மேகம், பாறை, மரப்பட்டை, மூடுபனி போன்றவற்றில் மென்பொருள் தரும் விளைவு பல நேரம் கைவேலையை மிஞ்சுகிறது. 768 கட்டங்களிலும் 56 இணைகளைச் சலிக்காமல் சோதிக்கும் பொறுமை மனிதருக்கு வராது. ஓவியருக்குத் தோன்றவே தோன்றாத ஓர் இணையை அது கண்டெடுத்துக் கொடுப்பதும் உண்டு.

அதே மென்பொருளிடம் ஒரு முகத்தைக் கொடுத்துப் பாருங்கள். கண்மணி இரைச்சல் புள்ளிகளுக்குள் கரைந்துபோகும். கன்னத்தின் ஓரம் படிக்கட்டாகும். காரணம் தெளிவு. பின்னாலிருக்கும் சுவரில் நேரும் பிழையும் கண்ணில் நேரும் பிழையும் அதன் கணக்கில் ஒரே எடை. நாம் முதலில் கண்ணைத்தான் பார்ப்போம் என்பது அதற்குத் தெரியாது. இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. மென்பொருளுக்குப் படம் முடிந்துபோன விஷயம். நிறத்தில் மட்டுமே அது பேரம் பேசும். கையால் வரைபவருக்கு முடிந்துபோனது கட்டம்தான். படத்தை அவர் இன்னும் அசைக்கலாம். தலையை மூன்று புள்ளி இடப்பக்கம் நகர்த்தினால் முகத்தின் விளிம்பு கட்டத்தின் விளிம்போடு சேர்ந்துவிடும். கழுத்தடி நிழலைக் கருமையாக்கினால் இரண்டு நிறங்களுக்கு நடுவே ஓர் எல்லை கிடைக்கும். இடைஞ்சல் செய்யும் மேகத்தை எடுத்தே விடலாம். மான்செஸ்டரின் ஓஷன் விளையாட்டு நிறுவனத்துக்காகப் பாப் வேக்லின் தீட்டிய அட்டைப்படங்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் செய்த வேலை இத்தகையது. அதை நகலெடுத்தல் என்று சொல்ல முடியாது, மறுபடி இயற்றியிருக்கிறார்கள்.

கமடோர் 64 கணினியில் இந்த வேறுபாடு இன்னும் நுட்பமாகிறது. அங்கே 16 நிலையான நிறங்கள். பிந்தைய வீடியோ சில்லுகளில் கறுப்பும் வெள்ளையும் நீங்கலாக மற்ற 14 நிறங்களும் இரண்டிரண்டாக ஒரே வெளிச்ச அளவு கொண்டவை. நீலமும் பழுப்பும் ஒரு சோடி, சிவப்பும் அடர்சாம்பலும் இன்னொரு சோடி. தேர்ந்த ஓவியர் நிறத்தின் பெயரை மறந்துவிட்டு வெளிச்சத்தைப் படிக்கட்டாக அடுக்குவார். இருண்ட தோல்நிழலில் நீலத்தையும் பழுப்பையும் சதுரங்கப் பலகைபோல மாற்றி மாற்றி வைப்பார். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் அவை கலந்து மூன்றாவது நிறமாகத் தெரியும். சிவப்பு, பச்சை, நீல எண்களின் தூரத்தை மட்டும் அளக்கும் மென்பொருளுக்கு நீலமும் பழுப்பும் ஒட்டாத அந்நியர்கள். அது கூர்மையான புள்ளியைக் கணக்கிடுகிறது. ஓவியர் கண்ணாடியில் கசியும் ஒளியைக் கணக்கிட்டார்.

இவ்வளவும் சொன்னதால் கைவேலை எல்லாமே உயர்ந்தது என்று ஆகிவிடாது. அந்தக் காலத்திலேயே சிலர் ஒளிபுகும் தாளில் படத்தைப் படியெடுத்து, தொலைக்காட்சித் திரையில் ஒட்டி, அதன்மேல் புள்ளி வைத்தார்கள். கணினியில் ஒளி, ஒலிக் காட்சிகளைப் படைத்துப் போட்டியிடும் டெமோ கலைஞர்களிடையே ஃபிராங்க் ஃப்ரஸெட்டாவின், போரிஸ் வயேஹோவின் ஓவியங்களை அப்படியே புள்ளிகளாக்கித் தம் பெயரைப் போட்டுக்கொண்ட படங்கள் ஏராளம். அவற்றிலும் வாரக்கணக்கான உழைப்பு இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒருவர் தீர்மானித்த தோற்றத்தைத் தீர்மானித்தபடியே பெயர்த்து வைக்கும் கை, மெதுவாக ஓடும் மாற்றி மென்பொருள்தான். உழைப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கவசம் பூண்ட வீராங்கனையும் டிராகனும் பளபளக்கும் உலோக உருண்டையும் சலிக்கச் சலிக்கத் திரும்பி வருவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இன்று பலர் நடுவழியில் போகிறார்கள்: மென்பொருளால் ஒரு வரைவு எடுத்துக்கொண்டு, முகத்தையும் கையையும் விளிம்புகளையும் தாமே திருத்துகிறார்கள். எனக்கு இதில் எந்த மறுப்பும் இல்லை, வழியை மறைக்காதவரை. டெமோ விழாப் போட்டிகள் பலவற்றில் படத்தோடு வேலையின் இடைநிலைப் படிகளையும் கேட்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அந்தப் படிகளில் நடுவர்கள் தேட வேண்டியது கை பட்டதா என்பதை அல்ல. கட்டத்தின் நெருக்கடிக்காக வரைபவர் எதையேனும் மாற்றத் துணிந்தாரா என்பதை.

பழைய கணினிகளுக்குப் படம் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தை வெளியிடும்போது அதன் கீழ் ஒரு வரி சேருங்கள்: மூலம் எது, எந்த மென்பொருள், எந்தக் கட்டங்களில் உங்கள் கை.