ஐந்தேகாலா, ஆறரையா? நெடுந்தூர பைக்குக்கு ஸ்பீக்கர் மாற்றிப் பார்த்த அனுபவம்

ஸ்பீக்கர் பெட்டியின் மேல் 5.25 அங்குலம் என்றோ 6.5 அங்குலம் என்றோ கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். புதிதாக வாங்குகிறவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். ஆனால் அது ஒரு வகைப் பெயர் மட்டுமே. ஐந்தேகால் என்று விற்கும் இரண்டு கம்பெனிகளின் ஸ்பீக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளி விளிம்பு வேறு, ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி வேறு, காந்தத்தின் உயரம் வேறு. காரில் இதைச் சமாளித்துவிடலாம். கதவுக்குள் இடம் இருக்கிறது. பைக்கின் முன்கூட்டுக்குள் விரல் நுழையும் இடமெல்லாம் வயரும் மீட்டரும் அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே கால் அங்குலம்கூடப் பெரிய விஷயம்.

நான் பரிசோதித்தது ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடில். 2006 மாடலாக அறிமுகமான வண்டி. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அதிகம் கண்ணில் படும் பயண பைக்குகளில் ஒன்று. வௌவால் இறக்கை போல விரிந்திருப்பதால் ‘பேட்விங்’ என்று அழைக்கப்படும் அந்த முன்கூடு 1969இல் எலெக்ட்ரா கிளைடில் வந்தது. டெக்சாஸில் என்னிடம் இருப்பது 2014க்கு முந்தைய தலைமுறை வண்டி. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு மலிவான கார் ஸ்பீக்கரை மாட்டியிருந்தார். காகிதக் கோன் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஓரம் பிய்ந்து தொங்கியது. பாட்டு கேட்டால் கூடவே ஒரு கரகரப்பும் கேட்கும்.

இந்தத் தலைமுறையின் முன்கூட்டில் கம்பெனி கொடுத்த அளவு ஐந்தேகால். ஆறரை வேண்டுமென்றால் அடாப்டர் வளையம் வாங்கி ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். ஆறரைக்கு ஆசைப்படுவதற்கு நியாயமான காரணம் உண்டு. விட்டத்தில் ஒன்றேகால் அங்குலம்தான் கூடுகிறது. ஆனால் பரப்பளவு சுமார் ஒன்றரை மடங்காகிவிடும். கோன் ஒரே தூரம் முன்பின் அசைந்தாலும் ஒன்றரை மடங்கு காற்றைத் தள்ளும். கீழ்ச் சுருதியில் ஏறக்குறைய 3.5 டெசிபல் லாபம். வண்டியை நிறுத்திவைத்துக் கேட்டால் இந்த வித்தியாசத்தை யாரும் உணரலாம். தவில் அடி நெஞ்சில் வந்து விழுகிறது.

ஆனால் பயண பைக்கை நிறுத்திவைத்துக் கேட்பதற்காகவா வாங்குகிறோம்? மணிக்கு 70 மைல், அதாவது 110 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 முதல் 100 டெசிபல் வரை ஏறுகிறது. அந்த இரைச்சலில் பெரும்பங்கு கீழ்ச் சுருதியில் இருக்கும் உறுமல். ஹெல்மெட் மேல்சுருதியை ஓரளவு மறைக்கும். கீழே இருப்பதைத் தடுக்காது. ஆக, ஆறரை அங்குலம் கூடுதலாகக் கொடுத்த அந்தத் தவில் சத்தம் போய் விழுவது காற்று உறுமும் அதே இடத்தில். நெடுஞ்சாலையில் அது காணாமல் போய்விடுகிறது. தப்பிப் பிழைப்பது நடுச்சுருதி: பாடுகிறவரின் குரல், நாதஸ்வரம், புல்லாங்குழல், வழிகாட்டும் செயலியின் பேச்சு.

இதை நான் நன்றாக உணர்ந்தது நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்றைக் கேட்டபோது. அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டுகளில் அடித்தளச் சுருதி ஏறக்குறைய கிடையாது. வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் மெலிந்து ஒலிக்கும் பதிவு, சாலையில் ஒவ்வொரு கமகமும் தெளிவாகக் கேட்டது. அடுத்து வந்த இளையராஜா பாட்டில் குரலும் வயலினும் நின்றன. பேஸ் கிதார் கரைந்து போனது. எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் இந்த வரிசை மாறவில்லை.

அதனால் அளவைவிட முதலில் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் திருப்பித் தருகிறது என்ற கணக்கு. ஊர்த் திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, சின்ன ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டே அடுத்த ஊர் வரை கேட்டதற்குக் காரணம் இதுதான். அதில் பேஸ் கிடையாது, ஆனால் கொடுத்த ஒவ்வொரு வாட்டையும் சத்தமாக்கிவிடும். பைக்கில் வரும் ரேடியோவும் சின்ன ஆம்ப்ளிஃபையர்தான். சென்சிட்டிவிட்டியில் 3 டெசிபல் கூடுவதும் ஆம்ப்ளிஃபையரின் சக்தி இரட்டிப்பாவதும் ஒன்று. பெட்டியில் ‘300 வாட்ஸ்’ என்று மின்னும் எழுத்துக்கு இங்கே வேலையே இல்லை. அது ஸ்பீக்கர் தாங்கும் அளவு, தரும் சத்தம் அல்ல.

சென்சிட்டிவிட்டி எண்ணிலும் கவனம் வேண்டும். சிலர் 1 வாட்டில் அளந்ததைப் போடுகிறார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளந்ததைப் போடுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே. 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். 2 ஓமில் 4 வாட். அதனால் 2.83 வோல்ட்டில் 92 டெசிபல் என்று சொல்லும் 4 ஓம் ஸ்பீக்கர், 1 வாட் கணக்கில் 89தான். 2 ஓம் என்றால் 86. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும் முன் எந்த அளவையில் சொல்லியிருக்கிறார்கள் என்று பொடி எழுத்தைப் படித்துவிட வேண்டும்.

ஓம் கணக்கு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடலாம். என் அனுபவத்தில் ஏமாற்றம் அதிகம் கிடைப்பது இங்கேதான். 2006 முதல் 2013 வரையிலான ஹார்லி பயண பைக்குகளில் வந்த ஹார்மன் கார்டன் ரேடியோ 2 ஓம் ஸ்பீக்கரை ஓட்டக்கூடியது. அதில் சாதாரண 4 ஓம் கார் ஸ்பீக்கரை மாட்டினால் எதுவும் கெடாது, ஆனால் ரேடியோ கொடுக்கும் சக்தி பாதியாகிவிடும். புது ஸ்பீக்கர் போட்டும் பழையதைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் பலர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள். எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து: 4 ஓமுக்கென்று செய்த ரேடியோவிலோ ஆம்ப்பிலோ 2 ஓமை மாட்டினால் சூடேறி, சத்தம் கூட்டும்போதெல்லாம் அணைந்துவிடும். உங்கள் வண்டியில் இப்போது இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரையை ஒட்டிக் காட்டும். பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகத்தான் எப்போதும் வரும்.

நான் மாற்றி மாற்றிக் கேட்டவை மூன்று ஜோடிகள். முதலாவது, ஹார்லிக்கென்றே ஸ்பீக்கர் செய்யும் கனடாவின் ஹாக்டியூன்ஸ் கம்பெனியின் ஐந்தேகால், 2 ஓம். இரண்டாவது, போக் ஆடியோவின் டிபி522; ஐந்தேகால், 4 ஓம், படகுகளுக்கான தரச்சான்று பெற்றது. மூன்றாவது, நண்பர் ஒருவர் கொடுத்த ஆறரை அங்குல 4 ஓம் ஜோடி, அடாப்டர் வளையத்தோடு.

வண்டியின் ரேடியோவை மட்டும் வைத்து ஓட்டியபோது முதல் ஜோடி தெளிவாக முந்தியது. பாட்டு வரிகள் முழுதாகப் புரிந்தன, ரேடியோவைக் கடைசி வரை திருக வேண்டிய தேவை வரவில்லை. டிபி522 கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்தது: பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு, தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி56 பாதுகாப்பு. ரேடியோவின் சக்தி அதற்குப் பாதிதான் போகிறது என்பது காதில் தெரிந்தது. ஒரு சின்ன நாலு சேனல் ஆம்ப் கொடுத்ததும் அதே ஸ்பீக்கர் உயிர் பெற்று எழுந்தது. ஆறரை ஜோடி, ஆம்ப் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஐந்தேகாலைவிட ஒரு படி கீழே. ஆம்ப் கொடுத்து, ஊருக்குள் 40 மைல் வேகத்தில் போகும்போது மூன்றிலும் அதுதான் இன்பம். கடற்கரைச் சாலையில் மெல்ல உலவுவதே உங்கள் பயணம் என்றால் ஆறரைக்கு ஆகும் செலவு வீண் இல்லை.

மாட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெர்னியர் காலிபர் ஒன்று கையில் இருக்கட்டும். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி நாலு அளவு எடுங்கள்: கூட்டில் உள்ள ஓட்டையின் விட்டம், எதிரெதிர் ஸ்க்ரூக்களின் இடைவெளி, விளிம்பிலிருந்து காந்தத்தின் முதுகு வரை ஆழம், முன்பக்கம் ட்வீட்டர் எவ்வளவு துருத்துகிறது என்பது. கடைசி அளவைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ட்வீட்டர் கிரில்லில் முட்டினால் ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு கிடுகிடுப்பு கேட்கும். பின்னால் இடம் போதுமா என்று சந்தேகம் வந்தால் காந்தத்தின் மேல் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிக் கூட்டை மூடித் திறந்து பாருங்கள். களிமண் நசுங்கி நிற்கும் தடிமன்தான் உங்களிடம் மிச்சமிருக்கும் இடம்.

வேலையைத் தொடங்கும் முன் மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். இந்தத் தலைமுறையில் டார்க்ஸ் டி-25, டி-27 இரண்டும் இருந்தால் முன்கூடு கழன்றுவிடும். ஹெட்லைட் வயர் அதோடு சேர்ந்து வரும், மெதுவாக இழுத்து ப்ளக்கைப் பிரிக்க வேண்டும். பேட்விங் முன்கூடு ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புவது. ஆகவே அதில் ஏற்றும் ஒவ்வொரு கிராமும் ஹேண்டில்பாரில் ஏறுகிறது. பெரிய ஃபெரைட் காந்தம் வைத்த ஆறரை ஜோடி பார்க்கிங்கில் திருப்பும்போது கையில் தெரிந்தது. நியோடிமியம் காந்தம் என்றால் எடை கணிசமாகக் குறையும். ஹார்லியின் இன்னொரு பயண பைக்கான ரோடு கிளைடில் இந்தக் கவலை இல்லை, அதன் கூடு சேஸியில் நிற்கிறது.

ஸ்பீக்கருக்கும் கூட்டுக்கும் நடுவே ஃபோம் வளையம் ஒட்டி இடைவெளியை அடையுங்கள். சந்து இருந்தால் கோனின் முதுகிலிருந்து வரும் அலை முன்னால் வரும் அலையோடு மோதி, இருக்கும் கொஞ்ச பேஸையும் தின்றுவிடும். அடாப்டர் வளையத்தோடு ஆறரை மாட்டியவர்கள் “பெரிசு போட்டும் கனம் இல்லையே” என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ப்ளஸ் மைனஸ் ஒரு பக்கம் மாறினாலும் இதே கதைதான். வயர் நிறத்தில் குழப்பம் இருந்தால் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே குதித்தால் பேட்டரியின் ப்ளஸ் தொட்டது ஸ்பீக்கரின் ப்ளஸ்.

வி-ட்வின் என்ஜின் ஐட்லிங்கில் நடுங்கும் நடுக்கத்துக்கு ஸ்க்ரூ தளராமல் இருக்க வேண்டும். அதற்காக ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கும் த்ரெட்லாக்கர் திரவத்தைக் கண்ட இடத்தில் ஊற்றாதீர்கள். உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்துக்குத்தான் அது. கூட்டின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால் நாளடைவில் மயிரிழை விரிசல் விடும். பிளாஸ்டிக் பக்கம் நைலான் நட்டு போதும். எல்லாம் முடிந்ததும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, புது வயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே கூட்டை மூடுங்கள்.

ஆம்ப் போடுகிறவர்கள் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் ஃபில்டர் வைத்து வெட்டிவிடலாம். காற்றில் எப்படியும் கேட்காத அந்தச் சுருதிக்காகக் கோன் வீணாக ஆடுவது நிற்கும். மிச்சப்பட்ட சக்தி குரலுக்குப் போகும். வண்டியின் பின்பக்கச் சாமான் பெட்டி மூடியில் 6×9 அங்குல ஸ்பீக்கர் மாட்டுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஸ்பீக்கர், வேகத்தில் ஓட்டுகிறவரைவிடப் பக்கத்து வண்டிக்காரருக்கே அதிகம் கேட்கும். பணத்தை முன்கூட்டில் போடுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை நான் அக்கறையோடு சொல்கிறேன். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷ், 85 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். காற்றே அந்த அளவைத் தொட்டுவிடுகிறது, அதன் மேல் பாட்டை ஏற்றுகிறோம். நல்ல காதடைப்பான் காற்றையும் பாட்டையும் சேர்த்துக் குறைக்கும். ஸ்பீக்கரில் நடுச்சுருதி வலுவாக இருந்தால் அடைப்பானோடும் பாட்டு தெளிவாகவே கேட்கும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். செவித்திறன் போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பழைய தலைமுறை, ஆம்ப் இல்லை, நெடுஞ்சாலைப் பயணம்தான் அதிகம் என்றால் 2 ஓம், உயர்ந்த சென்சிட்டிவிட்டி, ஐந்தேகால்: இதைத்தான் வாங்கச் சொல்வேன், என் வண்டியிலும் அதுவே இருக்கிறது. 2014இல் ஹார்லி ‘ரஷ்மோர்’ என்று பெயரிட்ட மாற்றங்களோடு வந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. அந்த ரேடியோவின் ஈக்வலைசர் கம்பெனி ஸ்பீக்கருக்கென்றே மென்பொருளில் பதித்தது. புது ஸ்பீக்கரை மாட்டிவிட்டு அதை மாற்றாமல் விட்டால் விலை உயர்ந்த ஜோடியும் மந்தமாகவே ஒலிக்கும். ஸ்பீக்கருக்குப் பணம் கட்டும் முன்பே, அந்த ஜோடிக்கு ஏற்ற ஈக்வலைசரை ஏற்றித் தருவீர்களா, அதற்கு எவ்வளவு என்று டீலரிடம் கேட்டு, அந்தத் தொகையையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.