இரகசியப் பையும் ஒலிவாங்கியும்

லாசப்பலுக்கு மரக்கறி வாங்கப் போகும் எம்மவர்க்கு போபூர் சென் டெனி வீதி ஒரு கடைத்தெரு. அதே வீதியில் கார் டு லெஸ்ற் பக்கமாகக் கீழிறங்கினால் வரும் இடத்தில்தான் முன்பு சென் லாசார் மடம் இருந்தது. 1632 முதல் 1660ல் இறக்கும்வரை வின்சென்ட் டி போல் வாழ்ந்த மடம் அது. அவரோடு பணியாற்றிய லூயிஸ் டு மரியாக், தனது பிறரன்புப் புதல்வியரை 1636ல் கொண்டுவந்து இருத்தியதும் இந்த லாசப்பலில்தான். அன்று இது பாரிசுக்கு வெளியே கிடந்த கிராமம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கோவில் வாசலில் நாம் பெயர் கேட்டு வளர்ந்த வின்சென்ட் டி போல் சபையின் வேர், நாம் அகதிகளாக வந்திறங்கிய தெருவிலேயே இருந்திருக்கிறது.

சபை எமக்கு என்ன தருகிறது? வாரம் முழுக்க றெஸ்ரோறன்ட்டில் கோப்பை கழுவுகிறவர் ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் ஆகிறார். பெயர் சொல்லி அழைக்க ஆளில்லாத நாட்டில், கூட்டக் குறிப்பில் அவர் பெயர் எழுதப்படுகிறது. இதை நாம் ஏளனம் செய்யப்போவதில்லை. ஊரிழந்தவருக்கு உறுப்புரிமை சின்ன விடயமல்ல. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

1833 ஏப்ரலில் பாரிசில் இச்சபையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது வயது 20. ஏழையின் வீட்டுக்கு எப்படிப் போவது, போய் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குப் பழக்கியவர், லூயிசின் புதல்வியரில் ஒருவரான சகோதரி றொசாலி றண்டு. பழக்கியது ஒரு பெண். சேர்ந்ததோ ஆண்கள் மட்டும். பெண்களுக்கென 1856ல் இத்தாலியின் பொலோஞாவில் தனிச்சபை தோன்றியது. இரண்டும் ஒன்றாக 1960களின் இறுதிவரை செல்லவேண்டியிருந்தது. இன்று விதிப்படி ஆணும் பெண்ணும் சமம். எமது கூட்டங்களிலோ பேனை ஆணின் கையிலும் சோற்றுப்பானை பெண்ணின் கையிலும் இருப்பதை நாம் பல தடவை பார்த்தாயிற்று. நன்றியுரையில் மட்டும் சகோதரிகளுக்கு ஒரு வரி.

இச்சபையின் பழைய வழக்கங்கள் இரண்டை இங்கே நினைவூட்ட வேண்டும். ஒன்று, இரகசியப் பை. கூட்டத்தில் ஒரு பை கைமாறி வரும். இயன்றவர் இயன்றதைப் போடுவார்; இல்லாதவர் வெறுங்கையை விட்டெடுப்பார். யார் எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. நாமோ கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் தொகையையும் ஒலிவாங்கியில் வாசிக்கிறோம். அந்த ஊர்ப்பெயருக்குள் சாதி ஒளிந்திருப்பதும் எமக்குத் தெரியும். மற்றது, இருவராக வீடு தேடிப் போவது. பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் இருந்து கதைப்பது.

2015 ஜூன் 2ம் திகதி லாசப்பல் மெத்ரோப் பாலத்தின் கீழிருந்த கூடாரங்களைப் பொலிசார் அகற்றினர். சூடானியர், எரித்திரியர் என நூற்றுக்கணக்கானோர் அங்கே கிடந்தனர். எமது கடைகளிலிருந்து கூப்பிடு தூரம். மரக்கறிப் பைகளோடு நாம் அவர்களைத் தாண்டி நடந்தோம். "எங்கட ஆக்கள் இல்லை" என்று சொல்லிக்கொண்டோம். 1980களில் எம்மைப் பார்த்தும் யாரோ இப்படிச் சொல்லியிருப்பார்கள்.

முதலில் எமது சனத்தைப் பார்ப்போம் என்பார்கள் சிலர். நியாயந்தான். விசா மறுக்கப்பட்ட பொடியன் ஆறுபேரோடு ஒரே அறையில் படுக்கிறான். பிள்ளைகள் வேலைக்குப் போனபின், மொழி தெரியாத அம்மம்மா ஏழாம் மாடியில் யன்னலைப் பார்த்தபடி இருக்கிறா. அந்தக் கதவுகளையாவது தட்டினோமா?

லூயிசின் புதல்வியர் மடத்துச் சுவருக்குள் அடைபடாமல் தெருவில் இறங்கி நடந்தவர்கள். அடுத்த கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கப்படுமுன், சென்ற மாதம் யார் யார் வீட்டுக்குப் போனோம் என்பது குறிப்பேட்டில் பதியப்படட்டும். பேனையை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். பானையை நாம் ஆண்கள் கழுவலாம். இந்த நாட்டில் அது எமக்கு நன்றாகப் பழகிய வேலை.