தீப்பெட்டியில் வந்த கடவுள்

செருப்பில் பிள்ளையார், மிதியடியில் லட்சுமி, வெடியில் லட்சுமி, பீடிக் கட்டில் கணபதி என்று ஏதாவது ஒரு கண்டனம் அடிக்கடி எழுகிறது. உடனே இன்னொரு தரப்பு, 'வெறும் காகிதம்தானே, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்கிறது. இவ்விரண்டும் எதிரெதிர்க் குரல்கள் என்று பொதுவாக நம்பப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறியீடு என்றால் என்னவென்று இருவருக்குமே தெரியவில்லை. ஒருவருக்குப் படம் எப்போதும் எங்கேயும் கடவுள். மற்றவருக்கு அது எப்போதும் எங்கேயும் காகிதம். ஒரே பொருள் ஒரு வேளை கடவுளாகவும் இன்னொரு வேளை காகிதமாகவும் இருக்கக்கூடும் என்பது இருவர் பிரக்ஞையிலும் இல்லை. கவிதையோடு சம்பந்தமுள்ளவர்கள் இந்தத் தகராறைப் பத்திரிகைச் செய்தியாக ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். படிமம் உயிரோடிருப்பது அந்த 'ஒரு வேளை'யில்.

நம் வீடுகளில் இதற்கு ஓர் இலக்கணம் இருந்துவந்திருக்கிறது. மஞ்சளைப் பிடித்து வைத்து அறுகம்புல் செருகி ஆவாஹனம் செய்தால் பிள்ளையார். பூஜை முடிந்து யதாஸ்தானம் சொல்லி வடக்கே நகர்த்திவிட்டால் மறுபடியும் மஞ்சள். சதுர்த்திக்கு வாங்கிவந்த களிமண் பிள்ளையாரும் சில நாளில் கிணற்றிலோ குளத்திலோ கரைந்து மண்ணோடு மண்ணாகிறார். யார் மனமும் புண்படுவதில்லை. தெய்வம் ஒரு பொருளுக்குள் வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி. எந்த நேரத்தில் எது என்பது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.

சாஸ்திரம் தெரிந்தவர்களிடம் மட்டும் இந்த இலக்கணம் இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் காலையில் பணம் வாங்கும் வியாபாரி நோட்டுக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அடுத்த நிமிஷம் அதே கட்டை எச்சில் தொட்டு எண்ணுகிறார். எச்சில் தீட்டு என்பது அவர் அறியாததல்ல. ஒற்றிக்கொண்டபோது லட்சுமி, எண்ணும்போது பணம். இரண்டுக்கும் நடுவே அவருக்குச் சங்கடமில்லை. லட்சுமி படம் போட்ட வெடியைக் குழந்தை கையில் எடுத்துக்கொடுத்த தகப்பனார்கள் எல்லோரும் நாஸ்திகர்களா என்ன? விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தவர்கள்தான்.

அச்சு யந்திரம் வந்தபோது இந்த இலக்கணத்துக்கு ஒரு சோதனை ஏற்பட்டது. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். தெய்வப் படங்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. மந்திரமில்லாமல் வந்துவிட்ட தெய்வத்தை எந்த மந்திரம் சொல்லி அனுப்புவது? பழைய காலண்டரையும் கண்ணாடி உடைந்த சாமி படத்தையும் குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுப் போகிறார்களே, அது ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்த விசர்ஜனம். எந்த ஆகமத்திலும் இல்லாதது. ஒரு சமூகம் தன் குறியீடுகளோடு எவ்வளவு நுட்பமாக உறவு வைத்திருந்தது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

இனி சிவகாசிக்கு வருகிறேன். கமுதியில் 1897-இல் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்ததன்மேல் வழக்கு நடந்தது. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், நுழையும் உரிமை இல்லை என்று முடிந்தது. இதற்கிடையே 1899-இல், சிவகாசிக் கோயிலில் நுழையும் உரிமையை ஒட்டி மூண்ட பகையில், அந்த ஊர் நாடார்கள்மீது பெரும் தாக்குதல் நடந்தது. அதே ஊரிலிருந்து அதே சமூகத்தைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் தொழிலை ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்கள் பிறகு காலண்டர்களை அச்சிட்டன. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி வழியாக நாடெங்கும் போனார்கள். கடவுளின் வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட சமூகம், வாசலே இல்லாத கடவுளை அச்சடித்து வெளியே அனுப்பியது.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலித்துகளையும் நாடார்களையும் அழைத்துச் சென்றது 1939 ஜூலையில். அதற்கு எவ்வளவோ முன்பே மீனாட்சி, கோயிலுக்குள் விடப்படாதவர்களின் மண்சுவரில் ஆணியில் தொங்கத் தொடங்கிவிட்டாள். தீப்பெட்டியிலும் ஊதுபத்திப் பொட்டலத்திலும் பீடிக் கட்டிலும் வந்த தெய்வத்துக்குக் குருக்கள் கிடையாது, சாவி கிடையாது, இன்னார் எட்டி நிற்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஆகவே, தெய்வத்தை அன்றாடப் பொருள்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைக் கேட்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. எடுத்து எங்கே கொண்டுபோய் வைப்பதாக உத்தேசம்? யாரிடம் சாவி இருக்கும்?

கால் பட்டுவிடுகிறதே என்பார்கள். கால் தாழ்ந்தது என்ற உணர்வு நமக்கு மட்டும் உரியதல்ல. 1997-இல் நைக்கி கம்பெனி, காலணியில் இருந்த நெருப்புச் சின்னம் அரபியில் அல்லாஹ் என்ற எழுத்தை ஒத்திருக்கிறது என்று முஸ்லிம்கள் ஆட்சேபித்ததால் அந்தக் காலணிகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் நம் நாட்டில் காலுக்குக் கூடுதலாக ஓர் அர்த்தம் உண்டு. மனிதர்களிலேயே ஒரு பகுதியைப் பாதத்திலிருந்து பிறந்தவர்கள் என்று வகுத்த மரபு இது. காலின் தீட்டைப் பற்றிப் பேசுகிறவர் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

சட்டம் இந்த விஷயத்தை எப்படி வாசித்தது என்பது சுவாரஸ்யமானது. 1953 மே 27-இல் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையார் ஒன்றை உடைத்தார். தண்டனைச் சட்டம் 295-ஆம் பிரிவின்கீழ் புகார் கொடுக்கப்பட்டது. கீழ்க் கோர்ட்டுகளும் சென்னை உயர்நீதிமன்றமும், அது மண் பொம்மை, வழிபாட்டிலிருந்த புனிதப் பொருளல்ல என்று தள்ளின. 1958-இல் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. எவ்வளவு அற்பமான பொருளானாலும் ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கருதினால் போதும், அது பூஜையில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. காலம் கடந்துவிட்டதால் மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்றும் விட்டுவிட்டது.

கீழ்க் கோர்ட்டுகள் பெரியாரைக் காப்பாற்றிய விதம்தான் விசித்திரம். அவர் செயலின் அர்த்தத்தைப் பறித்துக்கொண்டு அவரை விட்டுவிட்டன. வெறும் மண் என்றால் மைதானத்தில் கூட்டம் கூட்டி உடைப்பானேன்? அது வெறும் மண்ணல்ல என்பது உடைத்தவருக்கு நன்றாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்தான் அவரைச் சரியாக வாசித்தது. ஆனால் அந்த வாசிப்பு சட்ட விளக்கமாக உறைந்தபோது, தெய்வம் பொருளைவிட்டுப் போகும் வழி அடைபட்டது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் 298. எண்தான் மாறியிருக்கிறது.

எல்லாப் படத்தையும் நான் ஆதரிக்கிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. 2016-இல் அமேசானில் விற்பனைக்கு வந்த தெய்வ உருவ மிதியடிகளைத் தீப்பெட்டி லேபிளோடு ஒன்றாக வைக்க மாட்டேன். லேபிளை அடித்தவனும் வாங்கியவனும் ஒரே இலக்கணத்துக்குள் இருந்தார்கள். மிதியடியைச் செய்தவனுக்கு அது கண்ணைக் கவரும் ஒரு கோலம், அவ்வளவே. 2013-இல் ஒரு வியாபாரப் பத்திரிகையின் அட்டையில் கிரிக்கெட் வீரர் தோனி, விஷ்ணுவாகப் பல கைகளோடு, ஒரு கையில் காலணி உட்பட விளம்பரப் பொருள்களைத் தாங்கி நின்றார். மலினமான கற்பனை. 2017-இல் அந்த வழக்கை ரத்து செய்த சுப்ரீம் கோர்ட், வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்யப்படாத அவமதிப்பு குற்றமாகாது என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் குற்றமில்லை என்று சொல்வதோடு கோர்ட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் படம் ஏன் மட்டமானது என்று சொல்வது விமர்சகன் வேலை. அதை எத்தனை பேர் செய்தார்கள்?

இங்கேதான் நம் வட்டத்தின்மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. காலண்டர் படத்தையும் தீப்பெட்டி லேபிளையும் ரசனைக்கு அப்பாற்பட்டவை என்று நம் விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். 'காலண்டர் ஓவியம்' என்பது நமக்கு ஒரு வசைச்சொல். கொண்டையராஜுவின் ஒரு லட்சுமியை, அதன் நிறம், நிற்கும் நிலை, அது நேராக நம் கண்ணைப் பார்க்கும் விதம் என்று நின்று பார்த்து எழுத நமக்குப் பொறுமையில்லை. கண்டன அறிக்கை எழுதுகிறவர் நம்மைவிடக் கூர்ந்து பார்த்திருக்கிறார். அவர் தப்பாகப் பார்க்கிறார் என்பது வேறு விஷயம். பார்க்கிறார். நல்லது, மட்டமானது என்ற பாகுபாட்டைக் கற்றுத்தராத இடத்தில், குற்றம், குற்றமில்லை என்ற பாகுபாடு மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பத்திரிகை தேவையில்லை, போலீஸ் ஸ்டேஷன் போதும்.