குரலுக்கேது குலம்?

1961ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள் இரவு. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கில் வெர்டியின் ‘இல் ட்ரொவத்தோரே’ முடிந்து திரை விழுந்தது. திரைதான் விழுந்தது, கையொலி விழவில்லை! ஏறத்தாழ 40 நிமிடம் அந்த மன்றம் ஆர்ப்பரித்தது. அன்று அம்மேடையில் முதன்முறையாக நின்ற லியோன்டின் பிரைஸ் என்னும் நங்கைக்கு அப்போது வயது 33. மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்னும் சிற்றூரில், மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கும் மருத்துவச்சி ஒருவருக்கும் பிறந்த கறுப்பின மகள் அவர்.

அந்த வெற்றிக்குக் காரணம் கூற வந்தவர்கள் மூன்று கதைகளைக் கட்டினர். “ஆண்டவன் அளித்த குரல்” என்றனர் ஒரு சாரார். “வெள்ளைச் செல்வக் குடும்பமொன்று வளர்த்துவிட்ட குரல்” என்றனர் மற்றொரு சாரார். “அந்த இனத்துக்கே இயற்கையாய் அமைந்த குரல்” என்றனர் மூன்றாமவர். மூன்றும் பாராட்டுரைகள் போலவே தோன்றும். ஆயின், மூன்றிலும் பாடியவளைத் தேடிப் பாருங்கள்; காணமாட்டீர்கள்! ஒன்றில் கடவுள் நிற்கிறார். ஒன்றில் புரவலர் நிற்கிறார். ஒன்றில் பிறப்பு நிற்கிறது. உழைத்தவள் எங்கே? கற்பித்தவர் எங்கே? இந்தக் கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டுதான் அவருடைய பயிற்சிக் காலத்தையும் தொடக்கக் காலத்தையும் ஆராயப் புகுகிறோம்.

முதலில், சோப்ரானோ என்றால் என்ன? பெண் குரல்களில் மேலெல்லையைத் தொடும் குரல் அது. அவ்வகைக் குரலின் உச்சியில் ஒலிக்கும் ‘மேல் சி’ என்னும் சுரத்துக்கு, நொடிக்கு ஏறத்தாழ 1046 முறை குரல்நாண்கள் அதிர வேண்டும். அந்த நாண்களின் நீளமோ ஓர் அங்குலத்துக்கும் குறைவு! அவற்றைக் கொண்டு, ஒலிபெருக்கி ஏதுமின்றி, பல்லியங்கள் முழங்கும் இசைக்குழுவைக் கடந்து, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் மன்றத்தின் கடைசி வரிசைவரை ஒலியைச் செலுத்த வேண்டும். மூச்சை அடக்கவும் அளந்து விடவும் ஆண்டுக்கணக்கில் பழகினாலன்றி இது கைகூடாது. குயில் கூவுவதைப் போன்ற இயல்பு அன்று இது. சிற்பி உளி பிடிப்பதைப் போன்ற தொழில்.

இனி முதற்கதையைப் பார்ப்போம். ஆண்டவன் அளித்தான் என்கின்றனரே, ஆண்டவன் அளித்த பியானோ எங்கே? அதை அளித்தவர்கள் பெற்றோர்! மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது, வீட்டிலிருந்த இசைத்தட்டுப் பெட்டியை முன்பணத்துக்கு ஈடாகக் கொடுத்து ஒரு பியானோவை வாங்கினார்கள் அவர்கள். கேட்டு மகிழ வைத்திருந்த கருவியைக் கொடுத்து, கற்றுத் தேற ஒரு கருவியைக் கொணர்ந்த அந்த எளிய வீட்டின் துணிவில் தொடங்குகிறது இந்த வரலாறு. தாய் பாடிய தேவாலயப் பாடகர் குழுவில் மகளும் பாடினாள். தேவாலயம் பாடக் கற்றுத் தந்தது என்றால் மறுப்பதற்கில்லை. ஆயின், கற்றுத் தந்தவர்கள் அங்கே கூடிய மனிதர்கள். ஞாயிறுதோறும் பாடிப் பாடிப் பழகிய தாய்மார்கள்.

சிறுமியாக இருந்தபோது, ஜாக்சன் நகரில் மரியன் ஆண்டர்சன் பாடக் கேட்டாள் லியோன்டின். தன்னைப் போன்ற நிறமுடைய ஒரு பெண், பெரிய மேடையில் தனித்து நின்று, மன்றத்தையே கட்டி ஆள்வதைக் கண்டாள். ‘நம்மாலும் ஆகும்’ என்னும் எண்ணத்தை ஒரு குழந்தையின் உள்ளத்தில் விதைப்பது வானத்து ஒளியன்று. முன்னே நடந்து காட்டிய ஒருவரின் காலடித் தடம். அந்த ஆண்டர்சனுக்கே மெட்ரோபாலிட்டன் மேடை 1955 ஜனவரியில்தான் திறந்தது. அம்மேடையில் பாடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அப்போது அவருடைய வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரலின் இளமையோ கழிந்துவிட்டது. கதவு திறக்கக் காத்திருந்ததிலேயே ஒரு கலைஞரின் பொற்காலம் போயிற்று. இதற்கு எந்த ஆண்டவனைக் கணக்குக் கேட்பது?

இரண்டாவது கதை, புரவலர் கதை. லாரலில் சிஷோம் என்னும் வெள்ளைக் குடும்பத்தார் இருந்தனர். லியோன்டினின் உறவினர் ஒருவர் அங்கே பணி செய்தார். அந்த வீட்டு அம்மையார், சிறுமியின் குரலைக் கேட்டு மகிழ்ந்தார். பின்னாளில் பயிற்சிக்குப் பொருளும் உதவினார். நல்லுதவிதான், நன்றிக்குரியதுதான். ஆனால் கதை சொல்வோர் அத்துடன் நிறுத்திக்கொள்வதுதான் வேடிக்கை! பிரைஸ் முதலில் சென்றது ஓகையோ மாநிலத்தில் கறுப்பின மக்களுக்காக ஏற்பட்ட வில்பர்ஃபோர்ஸ் கல்லூரிக்கு. அங்கே அவர் பயின்றது இசைநாடகம் அன்று, இசைக் கல்வி. அதாவது, பள்ளி ஆசிரியை ஆவதற்கான படிப்பு! மேடையைப் பற்றிக் கனவு காண்பதற்குக் கூட வசதி வேண்டும்; மாதச் சம்பளம் தரும் வேலையே அன்று எட்டக்கூடிய எல்லை. அங்கிருந்த ஆசிரியர்கள்தாம் அவரைக் குரற்பயிற்சியின் பக்கம் திருப்பினர். 1948இல் பட்டம் பெற்று நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளிக்குச் செல்லும் நிலை வந்தபோது, பால் ராப்சன் ஒரு நிதி இசை நிகழ்ச்சி நடத்தித் தந்தார். உரிமைக் குரல் எழுப்பியதற்காக ஆட்சியாளரின் கடுஞ்சினத்துக்கு ஆளான அதே ராப்சன்!

கூட்டிப் பாருங்கள் கணக்கை: பெற்றோரின் பியானோ, கல்லூரி ஆசிரியர்களின் கண், ராப்சனின் பாட்டு, இசைப்பள்ளியின் உதவி, இவற்றோடு சிஷோம் அம்மையாரின் பொருள். ஐந்து கைகள் தூக்கிய தேரை ஒரு கை இழுத்ததாக எழுதுவது வரலாறு ஆகுமா? அந்த ஒரு கையும் மேல்தட்டின் கையாகவே இருக்குமாறு தேர்ந்தெடுப்பது நேர்மை ஆகுமா?

ஜூலியார்டில் அவருக்குக் கிடைத்த ஆசிரியை ஃபுளோரன்ஸ் பேஜ் கிம்பால். 1948 முதல் நான்கு ஆண்டுகள் நடந்தது பயிற்சி. கிம்பால் புகட்டிய பாடம் இன்றும் பாடகர்களிடையே பேசப்படுகிறது: குரல் என்பது முதல், அதன் வட்டியைச் செலவிட்டுப் பாடு, முதலில் கை வைக்காதே என்பதே அதன் கருத்து. உச்சக் குரலை எழுப்பும்போதும் எஞ்சிய வலிமை உள்ளே இருப்பாக இருக்க வேண்டும். கேட்போர் “இன்னும் இருக்கிறது” என்று உணர வேண்டும். இந்த ஒரு பாடத்தில் அடங்கியிருக்கிறது பிறவிக் கொடை பேசுவோருக்கான மறுமொழி. கொடையாக வந்த பொருளை வாரி இறைப்பவர் உண்டு. பாடுபட்டுச் சேர்த்தவருக்கே கணக்குத் தெரியும்.

பயிற்சி பலித்தது. 1952இல் பள்ளி மேடையில் வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ நாடகத்தில் பாடினார். அதைக் கேட்ட இசையமைப்பாளர் வெர்ஜில் தாம்சன் தம் நாடகத்துக்கு அழைத்தார். அதே ஆண்டில் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ நாடகத்தில் பெஸ் ஆனார். வியன்னா, பெர்லின், இலண்டன், பாரிஸ் என்று அந்தக் குழு ஐரோப்பாவைச் சுற்றியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெர்டியைப் பாடத் தகுதி பெற்ற குரலுக்கு முதலில் அகலத் திறந்த கதவு எது? கறுப்பின மக்களின் குடிசைக் குடியிருப்பைக் காட்டும் நாடகத்தின் கதவு! ‘உனக்குரிய இடம் இது’ என்று ஒதுக்கித் தரும் கையிலே மலர் இருந்தாலும், அது ஒதுக்கீடுதான்; வரவேற்பு அன்று.

1955 ஜனவரியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் புச்சினியின் டோஸ்காவாகத் தோன்றினார். தொலைக்காட்சி இசைநாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. தென் மாநில நிலையங்கள் சில அதை ஒளிபரப்ப மறுத்தன! காதுக்கு எட்டிய இசையில் குறை காணவில்லை அவர்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தில் கண்டார்கள். அடுத்த ஆண்டே, 1956இல், அதே நாட்டின் அரசு அவரை இந்தியாவுக்கு இசைப்பயணம் அனுப்பியது. உள்நாட்டில் திரையை மூடினர். அயல்நாட்டில் ‘பாரீர் எம் நாட்டுச் சமத்துவம்’ என்று மேடையில் நிறுத்தினர். நம் மண்ணில் அவர் பாட வந்தபோது, அவர் பிறந்த மண்ணில் கறுப்பினக் குழந்தைக்குத் தனிப் பள்ளிதான். அந்த முரண்பாட்டின் நாணம் பாடியவருக்கு உரியது அன்று, அனுப்பியவருக்கு உரியது.

இனி, மூன்றாவது கதை. அவர் குரலில் ‘கறுப்பு’ ஒலிக்கிறதாம்; ‘புகை படிந்த’ குரலாம்; அது இனத்தின் இயல்பாம். தொண்டையைத் திறந்து பார்த்த எந்த மருத்துவரும் குரல்நாணில் குலத்தைக் கண்டதில்லை. 1959இல் ரோம் நகரில் பதிவான ‘இல் ட்ரொவத்தோரே’ இசைத்தட்டைக் கேட்டுப் பார்ப்போம். முதல் அங்கத்தில் லெயொனோரா இரவின் அமைதியை நினைந்து பாடும் இடம். தாழ்ந்த சுரங்களில் சற்றே மூச்சுக் கலந்த மங்கல். அங்கே சொற்கள் கொஞ்சம் தெளிவு குன்றுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இசைவரி மேலே ஏற ஏற அந்த மங்கல் விலகி, ஒலி தெளிந்து, உச்சியில் இறுக்கமே இல்லாமல் விரிகிறது. நான்காம் அங்கத்தில், சிறைப்பட்ட காதலனை நினைந்து பாடும் பாட்டில், நடுக்கச் சுரங்களைத் துல்லியமாக நெய்கிறார். உச்ச சுரத்தை மெல்லிய ஒலியில் எடுத்து நிறுத்துகிறார். உரக்கப் பாடுவதைவிட மெல்லப் பாடுவதே கடினம் என்பதைப் பாடிப் பார்த்தவர் அறிவர். இது இனத்தின் இயல்பானால், அந்த இனத்தார் அனைவரும் அல்லவா இப்படிப் பாட வேண்டும்? மூச்சுக் கட்டுப்பாட்டுக்கு இனத்தின் பெயரைச் சூட்டுவது, பாடுபட்டவரின் கூலியைப் பறிப்பதற்கு நிகர்.

இந்த வரலாற்றின் உயிரான இடம் 1958. அரங்கத் தலைவர் ருடால்ஃப் பிங், மெட்ரோபாலிட்டனில் ஐடா பாத்திரத்தைப் பாட அழைத்தார். எத்தனை கலைஞர்களின் வாழ்நாள் கனவு அந்த அழைப்பு! பிரைஸ் மறுத்தார். என்.பி.சி. இசைநாடகத்தின் பீட்டர் ஹெர்மன் ஆட்லர் அவருக்குக் கூறிய அறிவுரை இதுதான்: அந்த மேடையில் முதன்முதல் தோன்றும்போது அடிமையாகத் தோன்றலாகாது. ஐடா, எகிப்தில் சிறைப்பட்டு அடிமையான எத்தியோப்பிய இளவரசி அன்றோ!

“பாத்திரத்தில் என்ன இருக்கிறது? பாட்டுத்தானே முக்கியம்?” என்று கேட்போர் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். பிரைஸ் ஐடாவை வெறுக்கவில்லை. 1957இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், நோயுற்ற பாடகி ஒருவருக்கு மாற்றாக, அதைப் பாடியவர். 1958இல் காராயன் தலைமையில் வியன்னாவிலும், பின் இலண்டனிலும், 1960இல் மிலான் நகரத்து லா ஸ்காலாவிலும் ஐடாவாகவே வெற்றி கண்டவர். அவர் மறுத்தது பாத்திரத்தை அன்று, வரிசையை! தன் நாட்டின் முதல் மேடையில், தன் இனத்தை அடிமையாகவே பார்த்துப் பழகிய கண்களின் முன்னே, முதற்காட்சி எதுவாக இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். மூன்றாண்டு காத்திருந்து, லெயொனோரா என்னும் உயர்குடி மங்கையாக உள்ளே நுழைந்தார். அதே முதற்பருவத்திலேயே ஐடாவையும் அங்கே பாடினார். வாசல் வழியே வந்தபின் எந்த அறைக்கும் செல்லலாம். புழக்கடை வழியே மட்டும் வரமாட்டேன் என்பதுதான் அந்த மறுப்பின் பொருள்.

வெற்றியை மட்டும் எழுதினால் அது துதி, திறனாய்வு ஆகாது. முதற்பருவத்தில் ஐந்து பாத்திரங்கள். 1961 இலையுதிர்காலப் பருவத்தைத் தொடங்கி வைக்கும் பெருமையும் வந்தது. புச்சினியின் ‘மேலைநாட்டுப் பொற்பெண்’ நாடகத்தில் மின்னி என்னும் பாத்திரம். கனத்த இசைக்குழுவோடு போராட வேண்டிய பாத்திரம் அது. அந்த நாடகத்தின் நிகழ்ச்சி ஒன்றிலேயே குரல் நடுவில் அடைத்துக்கொண்டது. எஞ்சிய பகுதியை வேறொரு பாடகி பாடி முடித்தார். வட்டி போதாமல் முதலில் கை வைத்த பருவம் அது என்றே நான் கருதுகிறேன். ‘முதல் கறுப்பினப் பெண்’ என்ற சுமையைத் தாங்குகிறவர் எந்த அழைப்பையும் எளிதில் மறுக்க முடியாது. ஒருமுறை தவறினால் அவரை மட்டுமல்ல, அவர் இனத்தையே குறை கூறக் காத்திருப்பர். ஆயினும் ஓய்வெடுத்தார், மீண்டார், தனக்கு ஒவ்வாத பாத்திரங்களைத் தள்ளக் கற்றார். 1985 ஜனவரி 3ஆம் நாள் மெட்ரோபாலிட்டனில் ஐடாவாகப் பாடி இசைநாடக மேடைக்கு விடை கூறினார். வானம் கொடுத்த குரலானால் அன்றே போயிருக்கும். கற்ற குரல் ஆகையால் 24 ஆண்டுகள் நின்றது.

தோழர்களே, வகுப்பறையில் பாட முன்வரும் சிறுமியைப் பார்த்து, “இவள் பிறப்புக்கு இது வராது” என்று சொல்வோரை நாம் அறிவோம். “இவள் பிறப்பிலேயே வந்தது இது” என்று இன்னொருத்தியைப் புகழ்வோரையும் அறிவோம். இரண்டு சொல்லும் ஒரே மரத்தின் இரண்டு கனிகள். இரண்டிலும் நஞ்சு ஒன்றே. முன்னது முயற்சியைத் தடுக்கிறது. பின்னது முயற்சியை மறைக்கிறது. லியோன்டின் பிரைஸின் இளமை நமக்குக் காட்டுவது எளிய கணக்கு: ஒரு பியானோ, ஒரு நல்லாசிரியர், திறந்த கதவு, எந்தக் கதவு வழியே நுழைவது என்று முடிவு செய்யும் உரிமை. இவை கிட்டாமல் மண்ணோடு மண்ணாய்ப் போன குரல்கள் எத்தனையோ! அவற்றுக்காக ஆண்டவனை நோவதில் பயனில்லை. கதவைப் பூட்டியவர்கள் மனிதர்கள். திறக்க வேண்டியவர்களும் மனிதர்களே.